இபேரியப் பன்றியும் மரபணுச் சோதனையும்: ‘நாட்டினம்’ என்னும் கருத்தாக்கத்தின் வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

உள்நாட்டுக் கால்நடை இனங்களை வணிக இனங்களிலிருந்து பிரித்தறிய மரபணுச் சோதனை இன்று ஒரு முதன்மைக் கருவியாகக் கொள்ளப்படுகிறது. ஐரோப்பாவின் தென்மேற்கு மூலையில் வளர்க்கப்படும் இபேரியப் பன்றியை எடுத்துக்காட்டாகக் கொண்டு, அத்தகைய பிரித்தறிதல் கடந்து வந்த படிநிலைகளை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது. மண்டையோட்டு அளவீடு, நிற மரபணுக்கள், தாய்வழி மரபுப்பொருள், முழு மரபணுத்தொகுதி, பழம் எலும்பிலிருந்து பெற்ற மரபுப்பொருள் ஆகிய ஒவ்வொன்றும் ‘நாட்டினம்’ என்பதன் பொருளை மாற்றியமைத்துள்ளன. அயல் கலப்பு இருப்பதைக் காட்டுவதில் சோதனை வலிமை உடையது. ஓர் இனத்தின் உண்மைத்தன்மையைத் தனித்து நிறுவும் ஆற்றல் அதற்கு இல்லை என்பது இக்கட்டுரையின் முடிவாகும்.

திறவுச்சொற்கள்: இபேரியப் பன்றி, நாட்டினம், டூராக், மரபணுக் கலப்பு, இனப்பதிவேடு, தொல்மரபணு ஆய்வு

முன்னுரை

ஒரு விலங்கினை ‘நாட்டினம்’ என்று அழைப்பதற்கு அடிப்படை யாது? அதன் தோற்றமா, அது வளரும் நிலமா, வளர்ப்போரின் நினைவும் பதிவேடுமா, அன்றி அதன் உயிரணுக்களில் அடங்கிய மரபுப்பொருளா? இவ்வினா அறிவுலகத்தோடு நின்றுவிடுவதன்று. நாட்டினம் என்ற பெயருக்குச் சந்தையில் விலை உண்டு. அரசின் பாதுகாப்பு உண்டு. அப்பெயரை இழந்த மந்தைக்கு இரண்டும் இல்லை. ஆகவே யார், எந்தச் சான்றைக் கொண்டு, இப்பெயரை வழங்குகின்றனர் என்பது ஆய்வுக்குரியதாகிறது.

இவ்வினாவைத் தெளிவாக ஆராய்வதற்கு இபேரியப் பன்றி ஏற்ற களமாகும். உயர்ந்த விலை, நெடிய கலப்பு வரலாறு, விழுக்காட்டை வரையறுக்கும் சட்டம், மூடிப் பாதுகாக்கப்பட்ட ஆய்வு மந்தை, நானூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழைய எலும்பு ஆகிய அனைத்தும் இந்த ஓரினத்தைச் சுற்றி அமைந்துள்ளன. இவற்றை வரிசைப்படுத்திக் காண்பதன் வாயிலாக, மரபணுச் சோதனை எந்த வினாவிற்கு விடை தருகிறது, எந்த வினாவிற்குத் தரவில்லை என்பதை வரையறுப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இபேரியப் பன்றியும் அதன் நிலமும்

ஸ்பெயினின் எஸ்த்ரெமதூரா, மேற்கு அந்தலூசியா, சலமான்கா ஆகிய பகுதிகளிலும் போர்ச்சுகலின் அலென்தேஜோ பகுதியிலும் ஓக் மரங்கள் இடைவெளிவிட்டு நிற்கும் புல்வெளிக் காடுகள் பரவியுள்ளன. ஸ்பெயினில் இவை தெஹேசா என்றும் போர்ச்சுகலில் மொந்தாதோ என்றும் வழங்கப்படுகின்றன. இலையுதிர்காலத்தின் நடுப்பகுதி தொடங்கிக் குளிர்காலம் முடியும்வரை ஓக் கொட்டைகள் உதிர்கின்றன. அப்பருவத்தில் பன்றிகளை மரத்தடியில் மேயவிட்டுக் கொழுக்க வைக்கும் முறைக்கு மொந்தனேரா என்று பெயர். இவ்வாறு வளர்ந்த பன்றியின் தொடையை உப்பிட்டு, ஆண்டுக்கணக்கில் உலரவைத்துப் பெறும் ஹமோன் என்னும் இறைச்சி உலகச் சந்தையில் மிக உயர்ந்த விலைக்கு விற்கப்படுகிறது.

இபேரியப் பன்றி மெதுவாக வளர்வது. குறைந்த எண்ணிக்கையில் குட்டி ஈனுவது. தசைக்குள்ளேயே கொழுப்பைச் சேர்த்து வைப்பது. தொழிற்சாலை முறை வளர்ப்பில் இப்பண்புகள் குறைகளாகவே எண்ணப்படும். ஆனால் நீண்டகாலம் உலர்த்தப்படும் இறைச்சிக்குத் தசையிடைக் கொழுப்பே மென்மையும் மணமும் தருகிறது. ஓக் கொட்டையிலுள்ள ஒலியிக் அமிலம் அக்கொழுப்பில் சேர்வதால் அதன் இயல்பும் வேறுபடுகிறது. எனவே ஹமோனின் தரம் இனம், உணவு என்னும் இரண்டையும் சார்ந்தது. இவ்விரண்டனுள் இனத்தை மட்டுமே மரபணுச் சோதனை ஆராய இயலும் என்பது தொடக்கத்திலேயே நினைவிற்கொள்ளத்தக்கது.

இபேரியம் என்பது ஒரே சீரான இனமும் அன்று. முடியற்ற கரும்பன்றியான லம்பீன்யோ, செந்நிறமுடைய ரெதிந்தோ, இடைப்பட்ட முடியுடைய எந்த்ரேபெலாதோ, புள்ளிகள் கொண்ட ஹபுகோ மஞ்சாதோ முதலிய பல வகைகள் அதனுள் அடங்கும். இவற்றுள் புள்ளிப்பன்றி ஆங்கிலேய இனங்களின் கலப்பால் உருவானதாகக் கருதப்படுகிறது. எனினும் அது அழிவின் விளிம்பிலுள்ள நாட்டு வகையாகவே பாதுகாக்கப்படுகிறது.

எலும்பில் தொடங்கிய வகைப்பாடு

பன்றி இனங்களின் மூலத்தை அறிவியல் அடிப்படையில் பிரித்தறியும் முயற்சி 19ஆம் நூற்றாண்டில் மண்டையோட்டிலிருந்து தொடங்கியது. செருமானிய அறிஞர் ஹெர்மன் வான் நதூசியசு 1864இல் வெளியிட்ட ஆய்வில், வளர்ப்புப் பன்றிகளை ஐரோப்பியக் காட்டுப்பன்றியின் வழிவந்தவை என்றும் ஆசியப் பிரிவைச் சேர்ந்தவை என்றும் இரண்டாகப் பகுத்தார். கண்ணோரத்தில் அமைந்த கண்ணீர் எலும்பின் வடிவம் இப்பகுப்பிற்குரிய சான்றுகளுள் ஒன்றாகும். ஆசியப் பிரிவிற்கு ‘சூசு இந்திக்கசு’ என்ற பெயர் வழங்கியது. பெயர் இந்தியாவைச் சுட்டினும் சீனம், சயாம் முதலிய கிழக்கு நாடுகளின் பன்றிகளையே அது பெரிதும் குறித்தது. சார்லசு டார்வின் 1868இல் வெளியிட்ட வளர்ப்பு விலங்குகள் பற்றிய நூலில் இவ்வாய்வை விரிவாகப் பயன்படுத்தினார்.

எலும்பளவில் செய்த இப்பகுப்பு பின்னாளில் மரபணு அளவிலும் உறுதிப்பட்டது. 2000ஆம் ஆண்டு ஜுஃப்ரா முதலியோர் வெளியிட்ட ஆய்வு, ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் பன்றி தனித்தனியே வளர்ப்பு விலங்காக்கப்பட்டது என்பதையும், அவ்விரு மூலங்களும் மனிதர் காட்டுப்பன்றியைப் பழக்குவதற்குப் பல இலட்சம் ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துவிட்டன என்பதையும் காட்டிற்று. இவ்வாழ்ந்த பிரிவே பிற்காலச் சோதனைகள் அனைத்திற்கும் அடித்தளமாகும். மூலங்கள் இவ்வளவு விலகி நிற்பதால், ஐரோப்பியப் பன்றி ஒன்றில் ஆசிய மரபுக்கூறு காணப்படின் அதனை எளிதில் இனங்காண முடிகிறது.

வணிக இனங்களின் எழுச்சியும் கலப்பும்

18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் சீனப் பன்றிகள் இங்கிலாந்திற்குக் கொண்டுவரப்பட்டன. விரைவில் முதிர்வதும் மிகுதியாகக் குட்டி ஈனுவதும் அவற்றின் சிறப்புகள். உள்ளூர்ப் பன்றிகளோடு அவற்றைக் கலந்து உருவாக்கப்பட்ட இனங்களுள் யார்க்சயர்ப் பகுதியைச் சேர்ந்த பெருவெள்ளைப் பன்றி (லார்ஜ் ஒயிட்) பின்னர் உலகெங்கும் பரவியது. ‘ஐரோப்பிய வணிக இனம்’ என்று வழங்கப்படுவதன் உள்ளே ஆசியப் பங்கு ஒன்று மறைந்திருப்பதை இவ்வரலாறு விளக்குகிறது. 2014இல் பாசே முதலியோர் வெளியிட்ட ஆய்வு, இவ்வாறு வந்த ஆசியக் கூறுகளுட் சில, குறிப்பாகக் குட்டிகளின் எண்ணிக்கையோடு தொடர்புடைய பகுதிகள், பண்ணையாளரின் தெரிவினால் ஐரோப்பியப் பன்றிகளில் நிலைபெற்றன என்பதைக் காட்டியது.

இபேரியப் பன்றியின் நெருக்கடி 20ஆம் நூற்றாண்டின் நடுவில் தொடங்கியது. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 1957இல் லிசுபனை அடைந்தது. 1960இல் மீண்டும் தோன்றி ஸ்பெயினுக்குப் பரவியது. ஸ்பெயின் அந்நோயிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட 1995ஆம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதே காலத்தில் தாவர எண்ணெய்கள் பன்றிக் கொழுப்பின் இடத்தைப் பிடித்தன. கொழுப்பு மிகுந்த பன்றியின் மதிப்பு சரிந்தது. கிராமப்புற மக்கள் நகரங்களுக்குக் குடிபெயர்ந்தனர். வளர்ச்சியை விரைவுபடுத்தவும் குட்டிகளின் எண்ணிக்கையைக் கூட்டவும் அமெரிக்காவின் செந்நிற டூராக் ஆண்பன்றிகள் கொண்டுவரப்பட்டன.

டூராக் தெரிவு செய்யப்பட்டதற்குக் காரணம் உண்டு. வெள்ளை இனங்களை நோக்க டூராக்கின் தசையிடைக் கொழுப்பு மிகுதி. அதன் கலப்புக் குட்டிகள் கருமையாகவோ செம்மையாகவோ இருக்கும். குளம்பும் கருமை சார்ந்தது. ஆகவே ‘கருங்குளம்பு’ என்று மக்கள் நம்பிய அடையாளம் கலப்பினத்தைப் பிரித்துக்காட்டத் தவறியது. கண் கண்ட சான்று தோற்ற இடத்திலேயே மரபணுச் சோதனையின் தேவை பிறந்தது.

நிற மரபணுக்கள் தந்த முதற் சான்று

1990களின் பிற்பகுதியில் பன்றியின் நிறத்தை ஆளும் மரபணுக்கள் அடுத்தடுத்துக் கண்டறியப்பட்டன. 1998இல் கியாசு முதலியோர் எம்.சி.1.ஆர். என்னும் மரபணுவின் பல மாற்றுருக்களை விவரித்தனர். டூராக்கின் செந்நிறத்திற்குக் காரணமான மாற்றுரு, ஆசியக் கரும்பன்றியின் மாற்றுரு, ஐரோப்பியக் கரும்பன்றியின் மாற்றுரு ஆகியவை தனித்தனி எனத் தெளிவாயிற்று. கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் கருமை வெவ்வேறு மரபணு மாற்றங்களால் விளையலாம் என்பதே இதன் வரலாற்று முக்கியத்துவம். ஆங்கிலேயப் பெருங்கரும்பன்றியின் கருமை ஆசிய மாற்றுருவால் விளைந்தது என்பதும் இவ்வாறே அறியப்பட்டது.

வெள்ளை நிறத்திற்குக் காரணமான கிட் மரபணுவின் நிலையும் அதே ஆண்டளவில் விளக்கம் பெற்றது. பெருவெள்ளை, லாண்ட்ரேசு இனங்களில் அம்மரபணு இரட்டிப்படைந்துள்ளது. அதனோடு, மரபுச்செய்தியைத் தொகுக்கும் இடத்தில் ஓரெழுத்து மாற்றமும் நிகழ்ந்துள்ளது. தோல் நீக்கிய இறைச்சித் துண்டில் முடியும் நிறமும் இல்லை. ஆயினும் இம்மாற்றத்தை அதில் கண்டறிய இயலும். உயிருள்ள விலங்கின் தோற்றத்தை, அது இறந்து உருமாறிய பின்னரும் படிக்கும் வாய்ப்பு இவ்வாறு உருவாயிற்று.

ஸ்பெயினின் தேசிய வேளாண் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2004இல் வெளியிட்ட கட்டுரை, நிற மரபணுக்களைக் கொண்டு இபேரிய இறைச்சிப் பொருள்களின் மூலப்பொருளைச் சரிபார்க்கும் முறையை முன்வைத்தது. அதற்கு முன், 2002இல், மரபணுத்தொகுதியின் பல இடங்களை ஒருசேரப் பெருக்கி ஒப்பிடும் முறையும் முயன்று பார்க்கப்பட்டிருந்தது. உப்பிட்டு உலர்த்திய இறைச்சியில் மரபுப்பொருள் சிறு சிறு துண்டுகளாகச் சிதைந்திருக்கும். எனவே குறுகிய துண்டுகளில் படிக்கத்தக்க குறியீடுகளே இப்பணிக்குப் பயன்பட்டன.

தாய்வழிச் சான்றின் வலிமையும் எல்லையும்

உயிரணுவின் இழைமணியிலுள்ள மரபுப்பொருள் தாயிடமிருந்து மட்டுமே வருவது. 2003இல் இபேரியப் பன்றிகளின் இழைமணி வரிசைகளை ஆராய்ந்த ஆல்வெசு முதலியோர், அவற்றில் ஆசிய வகைகள் காணப்படவில்லை என அறிவித்தனர். பெருவெள்ளை போன்ற இனங்களில் ஆசிய வகைகள் கணிசமாக உள்ளமையோடு இதனை ஒப்பிடும்போது, 18ஆம் நூற்றாண்டின் சீனக் கலப்பு அலை இபேரியத்தைத் தாய்வழியே தொடவில்லை என்பது புலனாகிறது.

சட்டத்தின் நோக்கில் இச்சான்று தனிச்சிறப்புடையது. ஸ்பெயின் சட்டப்படி கலப்புப் பன்றியின் தந்தை டூராக்காக இருக்கலாம். தாய் தூய இபேரியமாகவே இருத்தல் வேண்டும். ஆகவே ‘இபேரியம்’ என்று முத்திரையிட்ட இறைச்சியில் ஆசிய இழைமணி வகை காணப்படின், தாய்வழி விதி மீறப்பட்டமை வெளிப்படும். ஆனால் இதன் மறுதலை உண்மையாகாது. வணிக இனங்களிலும் ஐரோப்பிய இழைமணி வகைகள் உள்ளன. அத்தகைய தாயின் குட்டியில் ஆசிய வகை காணப்படாது. ஆசியக் கூறு இல்லாமை, தாய் இபேரியம் என்பதற்குச் சான்றாகாது. சோதனையின் ஆற்றல் மறுப்பதில் உள்ளது, உறுதிசெய்வதில் இல்லை.

சட்டத்தின் விழுக்காடும் சோதனையின் கணக்கும்

ஸ்பெயின் அரசு இபேரியப் பன்றி இறைச்சிக்கான தரவிதியை 2001, 2007, 2014 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்டுத் திருத்தியமைத்தது. 2014ஆம் ஆண்டு ஆணை, 100, 75, 50 என்னும் இபேரிய விழுக்காட்டினை முகப்புச்சீட்டில் குறிக்க வேண்டும் என விதிக்கிறது. ஓக் கொட்டை உண்ட தூய இபேரியத்திற்குக் கருப்பு, ஓக் கொட்டை உண்ட கலப்பினத்திற்குச் சிவப்பு, வெளியில் மேய்ந்து தீவனமும் உண்டதற்குப் பச்சை, கொட்டகைத் தீவனத்தில் வளர்ந்ததற்கு வெள்ளை என நான்கு நிற முத்திரைப் பட்டைகள் உள்ளன. ‘கருங்குளம்பு’ என்ற வழக்குச்சொல்லும் கருப்புப் பட்டைக்கு மட்டும் உரியதாக்கப்பட்டது. மொந்தனேராவில் பன்றி 60 நாள்களுக்குக் குறையாமல் மேய்ந்து, 46 கிலோவிற்குக் குறையாமல் எடை கூட வேண்டும் என்பதும் விதியாகும்.

தூய இபேரியத் தாய்க்கும் தூய டூராக் தந்தைக்கும் பிறந்தது 50 விழுக்காட்டினம். தூய இபேரியத் தாய்க்கும் அத்தகைய முதற்கலப்பு ஆணுக்கும் பிறந்தது 75 விழுக்காட்டினம். இங்கு ஒரு கணக்கு கருதத்தக்கது. டூராக்கிற்கு மட்டுமே உரிய மாற்றுரு உடைய மரபணு இடம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். முதற்கலப்புக் குட்டியில் அது உறுதியாக இருக்கும். 75 விழுக்காட்டுக் குட்டியிலோ அது இருக்கும் வாய்ப்பு பாதிதான். ஒரே இடத்தை மட்டும் சோதித்தால், அக்குட்டிகளில் சரிபாதி தூய இபேரியமாகத் தோன்றிவிடும். மறுபாதி 50 விழுக்காட்டினமாகத் தோன்றும். தனித்தனியே மரபுவழி கடக்கும் ஐந்து இடங்களைச் சோதித்தால் தூயதாகத் தப்பும் வாய்ப்பு 32இல் 1. பத்து இடங்களாயின் 1,024இல் 1.

கலப்பு நிகழ்ந்து தலைமுறைகள் கடந்திருப்பின் நிலைமை மேலும் சிக்கலாகும். 75 விழுக்காட்டினத்தை மீண்டும் தூய இபேரியத்தோடு சேர்த்துப் பெற்ற குட்டியில் ஒவ்வோர் இடத்திலும் டூராக் மாற்றுரு இருக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்று. பத்து இடங்களைச் சோதித்தும் ஏறத்தாழ 6 விழுக்காட்டுக் குட்டிகளில் எதுவும் அகப்படாது. இன்னும் ஒரு தலைமுறை கடந்தால் அவ்வளவு 26 விழுக்காடாக உயரும். 1960களில் மந்தையினுள் நுழைந்த ஒரு டூராக்கின் சுவடு இன்று சில இடங்களைச் சோதிக்கும் முறைக்குப் புலப்படாமல் போவதற்கு இதுவே காரணம். டூராக்கிற்கு மட்டுமே உரிய மாற்றுருக்கள் அரியவை என்பதும், பெரும்பாலான இடங்களில் இரு இனங்களுக்கும் இடையே மாற்றுருக்களின் அளவு மட்டுமே வேறுபடுகிறது என்பதும் நினைவில் கொள்ளத்தக்கவை. இதனால் கணிப்பு, எண்ணாக அன்றி, பிழையெல்லையோடு கூடிய வீச்சாகவே அமைகிறது. சட்டம் கேட்பதோ திட்டமான மூன்று எண்களை.

இவ்விடைவெளியை நிரப்புவது இனப்பதிவேடு. 1980களில் நிறுவப்பட்ட பதிவேட்டு முறையே எந்தப் பன்றி தூய இபேரியம் என்பதைச் சட்டத்தின் முன் வரையறுக்கிறது. மரபணுச் சோதனை அப்பதிவின் உண்மையைச் சரிபார்க்கும் துணைக்கருவியாகிறது. மறுபுறம், சோதனை ஒப்பிட வேண்டிய ‘தூய இபேரிய’ மாதிரிகள் பதிவேட்டிலிருந்தே தெரிவு செய்யப்படுகின்றன. ஒன்றை மற்றொன்று தாங்கி நிற்கும் இவ்வமைப்பில், பதிவேட்டிற்குள் இடம்பெறாத சிறு வளர்ப்பாளரின் மந்தை, நெடுங்காலமாக அந்நிலத்திலேயே வாழ்ந்து வந்திருப்பினும், இரண்டு சான்றுகளையும் ஒருங்கே இழக்கிறது.

மொந்த்சோரியுக் கோட்டைப் பன்றி

இச்சுழலிலிருந்து வெளியேற, பதிவேட்டிற்கும் கலப்பிற்கும் முற்பட்ட சான்று தேவைப்பட்டது. அது கத்தலூன்யாவின் மொந்த்சோரியுக் கோட்டையில் கிடைத்தது. அங்கு நன்கு பாதுகாக்கப்பட்ட நிலையில் கிடைத்த எலும்புத் தொகுதியில் 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பன்றி ஒன்றின் எச்சமும் இருந்தது. அதன் மரபணுத்தொகுதியின் பகுதிகளை வரிசைப்படுத்திய முடிவுகளை ராமிரெசு முதலியோர் 2015இல் வெளியிட்டனர். சீனப் பன்றிகள் இங்கிலாந்திற்கு வருவதற்கு இரு நூற்றாண்டுகளுக்கு முன் வாழ்ந்த விலங்கு அது என்பதே அதன் வரலாற்று மதிப்பு.

அப்பன்றி வளர்ப்புப் பன்றியே என்பதும், இன்றைய இபேரியப் பன்றியோடும் ஐரோப்பியக் காட்டுப்பன்றியோடும் மிக நெருங்கியது என்பதும், காட்டுப்பன்றியோடு கலப்பு நிகழ்ந்திருந்தது என்பதும் அவ்வாய்வில் தெரியவந்தன. இபேரியத்தில் ஆசியக் கலப்பு இல்லை, அல்லது பொருட்படுத்தத்தக்க அளவில் இல்லை என்ற கருத்து இதனால் வலுப்பெற்றது. அதே ஆய்வில் ஒப்பிடப்பட்ட குவாத்தமாலா நாட்டுக் கிரியோல் பன்றியின் நிலை வேறாக இருந்தது. அமெரிக்கக் கண்டத்துக் கிரியோல் பன்றிகள் ஸ்பானியக் குடியேற்றத்தின் வழிவந்தவை எனப் பொதுவாகக் கருதப்படுபவை. ஆயின் சோதிக்கப்பட்ட அப்பன்றி இபேரியத்திலிருந்து விலகி நின்றது. பன்னாட்டு வணிக இனங்களின் கலப்பே இதற்குக் காரணமாகலாம் என ஆய்வாளர்கள் கருதினர். வரலாற்று மரபு ஒன்றைக் கூற, மரபணு வேறொன்றைக் காட்டிய இடம் இது. ஓரிரு விலங்குகளைக் கொண்டு ஒரு நாட்டின் பன்றிகள் அனைத்தையும் மதிப்பிடுதல் இயலாதெனினும், ‘உள்ளூர்ப் பன்றி’ என்னும் பெயர் மட்டும் போதிய சான்றன்று என்பதை இவ்வெடுத்துக்காட்டு உணர்த்துகிறது.

தொல்மரபணு ஆய்வு மற்றோர் உண்மையையும் வெளிக்கொணர்ந்தது. ஐரோப்பாவின் முதல் வளர்ப்புப் பன்றிகள் புதிய கற்காலத்தில் மேற்காசியாவிலிருந்து குடியேறிய உழவர்களோடு வந்தவை என்பதை 2007இல் லார்சன் முதலியோர் காட்டினர். பின்னர் ஐரோப்பியக் காட்டுப்பன்றிகளோடு இடைவிடாது நிகழ்ந்த கலப்பினால் அம்முதல் மூலம் ஏறக்குறைய முற்றிலும் மறைந்தது. இன்றைய ஐரோப்பியப் பன்றிகளில் மேற்காசியப் பங்கு 4 விழுக்காட்டிற்கும் குறைவு என 2019இல் வெளியான ஆய்வு கணித்தது. ஆகவே, அயலிலிருந்து வந்த விலங்கே மண்ணின் காட்டுயிரோடு கலந்து ‘நாட்டினம்’ ஆயிற்று. கலப்பின்மையே நாட்டினத்தின் இலக்கணம் என்னும் கருத்து நீண்ட வரலாற்றின் முன் நிற்பதில்லை. எந்தக் காலத்துக் கலப்பு ஏற்கத்தக்கது, எது ஏற்கத்தகாதது என்னும் வரம்பை வகுப்பது மரபணுவன்று, மனிதரின் முடிவே.

அளவுகோலின் சார்பு

பன்றியின் முழு மரபணுத்தொகுதி 2012இல் வெளியிடப்பட்டது. ஒப்பீட்டிற்கு அடிப்படையான அவ்வரிசை பெரும்பாலும் ஒரு டூராக் பெண்பன்றியிடமிருந்து பெறப்பட்டது. அதற்கு முன், 2009இல், ஏறத்தாழ 60,000 ஓரெழுத்து வேறுபாடுகளை ஒரே நேரத்தில் சோதிக்கும் சில்லு உருவாக்கப்பட்டது. அதில் இடம்பெற்ற வேறுபாடுகள் டூராக், பியெத்ரேன், லாண்ட்ரேசு, பெருவெள்ளை ஆகிய வணிக இனங்களிலும் காட்டுப்பன்றியிலும் கண்டறியப்பட்டவை. வணிக இனங்களுக்குள் வேறுபடும் இடங்களையே அச்சில்லு பெரிதும் படிக்கிறது. நாட்டினத்தில் மட்டும் தோன்றிய வேறுபாடுகள் அதன் கண்ணில் படுவதில்லை. இதனால் நாட்டினத்தின் பன்முகத்தன்மை உள்ளதை விடக் குறைவாகத் தோன்றும் வாய்ப்புண்டு.

அயல் கலப்பைக் கண்டறிவதற்கு இச்சார்பு பெருந்தடையன்று. வணிக இனத்தின் அடையாளத்தைத் தேடுவதற்கு அது ஏற்றதே. ஆனால் ஓர் இனத்தின் தனித்தன்மையை மதிப்பிட்டு, எதனைப் பாதுகாப்பது என முடிவெடுப்பதற்கு அதே கருவியைப் பயன்படுத்தினால் நாட்டினத்திற்கு அநீதி நேரும். முழு வரிசையாக்கம் இக்குறையைப் பெருமளவு நீக்குகிறது.

தூய்மையின் விலை

தொலேதோ மாநிலத்தின் ஒரொபேசாவில் அமைந்த எல் தெஹேசோன் தெல் என்சினார் பண்ணையில், 1940களின் நடுவில், மிகேல் ஓத்ரியோசோலாவின் முயற்சியால் இபேரிய ஆய்வு மந்தை ஒன்று தொடங்கப்பட்டது. போர்ச்சுகலின் எர்விதெய்ரா, கால்தெய்ரா, ஸ்பெயினின் காம்பனாரியோ, புவெப்லா ஆகிய நான்கு வழிகள் 1963இல் ஒன்றிணைக்கப்பட்டுத் தொர்பிஸ்கால் வழி உருவாயிற்று. குவாத்யெர்பாசு என்னும் கரும்பன்றி வழி மட்டும் வெளிக்கலப்பின்றி மூடிய மந்தையாகத் தொடர்ந்தது.

அயல் கலப்பற்றது என்பதில் ஐயமில்லாமையால் குவாத்யெர்பாசு அறிவியலுக்குப் பெருங்கொடையாயிற்று. அவ்வழியின் 3 ஆண்பன்றிகளை 31 லாண்ட்ரேசுப் பெண்பன்றிகளோடு சேர்த்து நடத்திய ஆய்விலிருந்து கொழுப்பு, வளர்ச்சி, இறைச்சித் தரம் ஆகியவற்றோடு தொடர்புடைய மரபணுப் பகுதிகள் பல கண்டறியப்பட்டன. பசியுணர்வோடு தொடர்புடைய லெப்டின் ஏற்பி மரபணு இவற்றுள் ஒன்று. 2011இல் அவ்வழிப் பன்றி ஒன்றின் மரபணுத்தொகுதி வரிசைப்படுத்தப்பட்டபோது, நெருங்கிய உறவுக்குள் பல தலைமுறைகள் இனம்பெருக்கியதன் விளைவு அதில் பதிந்திருந்தது. மிகுந்த தூய்மை உடைய வழியே மிகுந்த மரபணு வறுமைக்கும் ஆளாகிறது.

மரபணுச் சோதனையைக் கண்டிப்பான வாயிற்காவலனாகப் பயன்படுத்துவதன் இடர் இங்கு விளங்கும். கலப்பின் சிறு சுவடு காணப்பட்ட விலங்குகள் அனைத்தையும் விலக்கினால் எஞ்சும் மந்தை சுருங்கும். சுருங்கிய மந்தையில் உறவுக்கலப்பு பெருகும். அரிய உள்ளூர் மாற்றுருக்கள் விலக்கப்பட்ட விலங்குகளோடு சேர்ந்தே மறையும். ஹபுகோப் புள்ளிப்பன்றி அத்தகைய கண்டிப்பின் முன் முதலில் வீழ்வதாகும். ஆகவே முத்திரையின் வாய்மையைக் காக்கும் சோதனைக்கும் இனத்தின் உயிர்ப்பைக் காக்கும் சோதனைக்கும் ஒரே வரம்பு பொருந்தாது. முன்னது நுகர்வோருக்குத் தந்த வாக்கைச் சார்ந்தது. பின்னது வருங்கால மந்தையைச் சார்ந்தது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்விலிருந்து பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

இபேரியப் பன்றி ஆசியக் கலப்பு அலையிலிருந்து விலகி நின்ற தனி மரபு என்பதை இழைமணி ஆய்வும் 16ஆம் நூற்றாண்டு எலும்பின் சான்றும் ஒருங்கே உறுதிசெய்கின்றன. ஆசிய, டூராக், வெள்ளையினக் கலப்புகளைக் கண்டறிய ஏற்ற மரபணுக் குறியீடுகள் உள்ளன. எனினும் அவற்றின் ஆற்றல் மறுக்கும் ஆற்றலே. கலப்பு பழமையானதாகவும் சோதிக்கும் இடங்கள் சிலவாகவும் இருக்கும்போது அதுவும் குறைகிறது.

சட்டம் வரையறுத்த விழுக்காடுகளை மரபணுவால் மட்டும் நிறுவ இயலாது. பதிவேடும் களக் கண்காணிப்பும் உடன் தேவை. ஓக் கொட்டையின் பங்கைப் பன்றியின் மரபணு கூறாது. முத்திரையின் சரிபாதி உண்மை மரத்தடியில்தான் சரிபார்க்கப்பட வேண்டியுள்ளது.

‘நாட்டினம்’ என்பது ஆய்வகத்தில் கண்டெடுக்கப்படும் பொருளன்று. நிலம், வளர்ப்பு முறை, மனிதரின் தெரிவு, காட்டுயிரோடு கொண்ட கலப்பு ஆகியவற்றால் காலந்தோறும் உருவாக்கப்பட்டு வரும் ஒன்று. உள்ளூர்க் கால்நடைகளுக்கு இனத் தகுதி வழங்கும் முயற்சி எந்நாட்டில் மேற்கொள்ளப்பட்டாலும், இனப்பதிவேட்டிற்கு வெளியே நிற்கும் சிறு வளர்ப்பாளரின் மந்தைகளைச் சோதனைக்கு முன்பே ஆவணப்படுத்துதல் முதற்பணியாகும். ஒப்பிடுவதற்குரிய மாதிரிகளுள் அவை இடம்பெறாதவரை, எத்துணை நுட்பமான சோதனையாலும் அவற்றை இனங்காண இயலாது.